எரிபொருளை அளந்தவன்

ஃபான்டஸி பெரிதா, விஞ்ஞானப் புனைகதை பெரிதா என்று எங்கள் நண்பர்களிடையே நடக்கும் விவாதம் முடிகிற வழியாக இல்லை. விஞ்ஞானப் புனைகதையின் கட்சிக்காரர்கள் சொல்வது இது: மந்திரவாதி நினைத்தால் எதுவும் நடக்கும், ஆகவே ஃபான்டஸியில் அறப்பிரச்னை உருவாகவே முடியாது, விஞ்ஞானப் புனைகதைக்கு இயற்கை விதி என்ற கடிவாளம் உண்டு, அதனால் அங்கே மனிதனின் தேர்வுக்குக் கனம் இருக்கிறது. வெகுநாள் நானும் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். விலகியதற்குக் காரணம் ஒரு கதை.

டாம் காட்வின் 1954-இல் ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையில் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. தொலைதூரக் கிரகத்தில் காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய விண்கலம் போகிறது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒளிந்துகொள்கிறாள். அவள் எடைக்கு எரிபொருள் இல்லை. அவளை வெளியே தள்ளாவிட்டால் கலம் விழுந்து நொறுங்கும். ஆறு பேரும் சாவார்கள். ஓட்டி கல்நெஞ்சன் இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான். காட்வின் அவளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்து அனுப்பிக்கொண்டே இருந்ததாகவும், பத்திரிகை ஆசிரியர் ஜான் காம்ப்பெல் அவள் சாகும்வரை கதையைத் திருப்பிக்கொண்டே இருந்ததாகவும் சொல்வார்கள்.

முதல் வாசிப்பில் உலுக்கப்பட்டேன். மறுவாசிப்பில் வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒளிந்து வருபவரை உடனே வெளியேற்றவேண்டும் என்று அவ்வுலகின் விதிப் புத்தகத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. ஓட்டியிடம் அதற்கென்று துப்பாக்கி இருக்கிறது. ஆக, ஆட்கள் ஒளிந்து வருவார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஆனால் கதவில் ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே; பூட்டு இல்லை, காவல் இல்லை, கூடுதலாக ஒரு துளி எரிபொருள் இல்லை. நிர்வாகத்தின் முடிவை இயற்கையின் வாயால் சொல்லவைத்ததுதான் கதையின் சாமர்த்தியம், மோசடியும் அதுவே. இதைப் பலர் முன்பே எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறைத்தது வங்கிக் கவுண்டரில்.

இறந்துபோன கணவரின் கணக்கிலிருந்த பணத்தைக் கேட்டு ஓர் அம்மாள் வந்தார். 11,000 ரூபாய்க்குச் சற்று மேல். நாமினி பதிவாகவில்லை. “வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்கம்மா, ரூல் அப்படி” என்றேன். சின்னத் தொகையை இன்டெம்னிட்டி பாண்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட அதே ரூலில் இடமிருக்கிறது. எனக்கு அது தெரியும். மானேஜருக்குக் குறிப்பு எழுதவேண்டும். பின்னால் கேள்வி வந்தால் குறிப்பில் என் பெயர் இருக்கும். அவ்வளவுதான். “அப்படியா சார்” என்று போனவர் மறுபடி வரவில்லை. அந்த ஓட்டியைப்போல நானும் உண்மையாகவே வருத்தப்பட்டேன். வருத்தம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இதற்கு எதிரே உர்சுலா லெ குவினின் 1973-ஆம் வருஷத்துக் கதையை வைத்துப் பார்க்கிறேன். ஓமெலாஸ் நகரத்தின் ஆனந்தம் முழுவதும் ஒரு குழந்தையை இருட்டறையில் வதைப்பதில் நிற்கிறது. ஏன் என்பதற்குப் பௌதிகக் காரணம் எதுவும் தரப்படவில்லை. நகரத்தை வேண்டியபடி கற்பித்துக்கொள்ளும்படி வாசகனையும் கூட்டுச் சேர்க்கிறார். நிபந்தனை விதிக்கப்பட்ட ஒன்று என்பது மறைக்கப்படாததால் அதனோடு சண்டை போட முடிகிறது. 2018-இல் என்.கே. ஜெமிசினும் 2024-இல் இஸபெல் ஜே. கிம்மும் பதில் கதைகள் எழுதினார்கள். கிம்மின் கதையில் குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். நகரம் இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்து வைக்கிறது. புதிதாக எதைப் படிக்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு, காட்வினோடு சேர்த்துப் படிக்கச் சொல்லி, இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

ஃபான்டஸி எல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. டோல்கீனின் லெகோலஸும் கிம்லியும் யார் அதிக ஆர்க்குகளைக் கொன்றது என்று போட்டிபோட்டு எண்ணுகிறார்கள். கொன்றால் உறுத்தாத ஓர் இனத்தைப் படைத்தது பிற்காலத்தில் டோல்கீனையே உறுத்தியது. எந்த வகை எழுத்தானாலும் கேள்வி ஒன்றுதான்: வேறு வழியில்லை என்று முடிவுசெய்தது யார், யாருடைய சௌகரியத்துக்காக?

அந்த அம்மாளின் கணவர் கணக்கு எங்கள் கிளையில் இன்னும் அப்படியே இருக்கிறது. விலாசமும் இருக்கிறது. கடிதம் எழுத எந்த ரூலும் குறுக்கே நிற்கவில்லை.