கையை நீட்டிவிட்டு ஓடாதீர்கள்

போன மாதம் லேப் கவுன்டருக்கு ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரத்தத்துலயே கேன்சர் செல்லைக் கண்டுபிடிச்சிடலாமாமே, அதை எடுத்துடுங்க" என்றார். மொபைலில் பார்த்தாராம். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. நான்கு மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று தானே முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுவந்திருக்கிறார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. "அது வேணாம்னுதானே இங்க வந்தேன்."

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அந்தச் சோதனைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

சோதனை பொய்யில்லை. 1869லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில், கட்டியில் இருந்தவை போன்ற செல்களைக் கண்டு எழுதிவைத்தார். அவற்றை எண்ணும் கருவி வருவதற்குத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 'செல்சர்ச்' என்ற கருவியைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2007இல் அனுமதி தந்தது. அதுவும் நோய் வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கு மட்டும். எடுப்பது ஏழரை மில்லி ரத்தம். அதில் சிவப்பணுக்கள் மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல் இருக்கும். நுண்ணிய இரும்புத் துகள் கோத்த ஆன்டிபாடி, கட்டியின் செல்லில் போய் ஒட்டும். காந்தத்தை வைத்து அதை இழுப்பார்கள். வெள்ளையணு எதுவும் கூடவே வந்துவிட்டதா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இவ்வளவும் செய்து தேடுவது மூன்றே மூன்று செல்லை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு கடுமை என்று கொள்வார்கள்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில், அவர்களிலேயே ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு எண்ணிக்கை மூன்றை எட்டவில்லை. பரவிய நோயாளிக்கே இப்படி என்றால், குடலுக்குள் கட்டி சின்னதாக இருக்கும்போது உங்கள் கை ரத்தத்தில் என்ன கிடைத்துவிடும்? பெருங்குடலின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கழன்று வரும் செல்களில் பெரும்பாலானவற்றை அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஊசி குத்தும் இடத்துக்கு வந்து சேர்வது அதற்குத் தப்பிய சொற்பம்தான். 'பூஜ்யம்' என்று ரிப்போர்ட் வந்ததும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், கட்டியும் கூடவே வளரும்.

செல்லுக்குப் பதிலாக டி.என்.ஏ. துணுக்கைத் தேடும் 'ஷீல்ட்' சோதனைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நூறு புற்றுநோயில் எண்பத்துமூன்றைப் பிடித்தது. ஆனால் குடல் சுவரில் முளைத்து, பிறகு புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் நூற்றுக்குப் பதின்மூன்றுதான் அதன் கண்ணில் பட்டன. அதுவும் அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான சோதனை. 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் அடுத்து அனுப்புவது கொலோனோஸ்கோப்பிக்குத்தான். நீங்கள் பயந்து ஓடிவந்த அதே அறைக்கு.

அந்த அறையில் அப்படி என்ன நடக்கிறது? முந்தின நாளே பேதி மருந்தைக் கரைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டும். உண்மையில் கஷ்டம் அதுதான். மற்றபடி தூக்க ஊசி போடுவார்கள், பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே கம்பிக் கண்ணியை மாட்டி அறுத்து எடுத்துவிடுவார்கள். வராமலே தடுக்கப்பட்ட புற்றுநோய் அது. எந்த ரத்தச் சோதனைக்கும் இந்தக் கை கிடையாது.

வெட்கப்பட்டு மறைக்கிற அம்மாக்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தசோகை தீரவில்லையா? இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள். ரத்தம் எங்கே கசிகிறது என்று கேளுங்கள். குடலின் வலப்பக்கக் கட்டி வலி இல்லாமல், கண்ணுக்கும் தெரியாமல் ரத்தத்தைக் கசியவிடும்.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சி.இ.ஏ. என்ற ரத்தச் சோதனையை 'முழு உடல் புற்றுநோய் பேக்கேஜ்' என்று போர்டு எழுதி விற்காதீர்கள். புகை பிடிப்பவருக்கு அது சும்மாவே ஏறி நிற்கலாம். ஆரம்பக் கட்டியில் பலருக்கு ஏறவே ஏறாது. அது சிகிச்சை முடிந்தவர்களைக் கண்காணிப்பதற்கு உரியது. செல் எண்ணும் சோதனைக்கு டாக்டர் எழுதியே அனுப்பினால், அதற்குரிய டியூபில்தான் எடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் கருவிக்குப் போய்ச் சேர வேண்டும். சீட்டே இல்லாமல், மலத்தில் ரத்தம் என்று ஒருவர் வந்து நின்றால், அவரிடம் காசு வாங்காதீர்கள். திருப்பி அனுப்புங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அவருக்கு நான் ரத்தம் எடுக்கவில்லை. டாக்டர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், வியர்வையில் நைந்துபோய். அதில் இருந்த நம்பருக்குக் கவுன்டர் போனிலிருந்தே போட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.