ஊர் அனுமதித்த கிணறு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைத் தொடாது. நிலத்தடியில் நீர் உண்டு. வெகு ஆழத்தில், பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத உப்பாக. ஆனால் சூரு, பிகானேர், ஜெய்சல்மேர், பாட்மேர் பகுதிகளில் சில ஊர்களுக்கு மட்டும் மணலுக்கும் உப்புநீருக்கும் நடுவே ஜிப்சம் தட்டு ஒன்று ஓடுகிறது. மணலில் இறங்கும் மழை அதன்மேல் ஈரமாகத் தங்கிவிடும். களிமண் காய்ந்தால் வெடிக்கும், மணல் வெடிக்காது. அதனால் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை.

அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாய்ச் சேர்க்க மக்கள் வெட்டிய சிறுகிணறுதான் குயீ. உள்ளே ஒருவர் குந்தி உட்காரத்தான் இடம் இருக்கும். கடப்பாரையை ஓங்க முடியாது. குட்டைக் கைப்பிடி கொண்ட பசௌலி என்ற கருவியால் கொத்துவார்கள். கீழே இறங்க இறங்க வெக்கை ஏறும். மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக வீசி எறிவார்கள். அதோடு குளிர்காற்று கீழே போகும். விழும் மணலிலிருந்து காக்க, உள்ளே இருப்பவர் தலையில் உலோகத் தொப்பி. சரியும் மணலைத் தடுக்க, கீம்ப் புல்லில் திரித்த கயிற்றை அடியிலிருந்து சுருள் சுருளாக அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். இந்த வேலை தெரிந்த செஜாரோக்களுக்கு ஒரு காலத்தில் விருந்தும் விளைச்சலில் ஆண்டுதோறும் பங்கும் இருந்தன. அது கூலியாகச் சுருங்கியது வருத்தத்துக்குரியது.

இத்தனை பாடும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் நல்ல நீருக்காக. சூழலியல் எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா 1995-இல் வெளியான தம் நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். ஜெய்சல்மேர் மாவட்டத்தின் கடேரோன் கி டாணியில் மட்டும் 120 குயீக்கள் இருந்ததாக அதில் வருகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது அவர்களின் உரிமை முறை. குயீ ஒரு வீட்டுக்குச் சொந்தம். அதில் இறைப்பவர்கள் அந்த வீட்டார் மட்டுமே. நீர் ஊறிவரும் மணல்வெளியோ ஊர்ப் பொது. ஈரத்தின் அளவு அந்த ஆண்டு மழையோடு தீர்மானமாகிவிடுகிறது. இன்னொரு குயீ வெட்டினால் புதிதாக ஒரு சொட்டும் பிறக்காது. இருப்பது இன்னொரு பங்காகப் பிரியும். ஆகவே ஊர் சம்மதிக்காமல் யாரும் புதிதாக வெட்டுவதில்லை. அந்த வீட்டுக்கு உண்மையாகவே தேவை என்று ஊர் கண்டால்தான் அனுமதி.

இன்று பணம் கொடுத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அது தன் நிலம், தன் பணம் என்கிறார். பத்திரத்தின்படி சரி. ஆனால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றும்போது அந்தப் பத்திரம் என்ன பதில் சொல்லும்? ஊரிடம் கேட்டுவிட்டு வெட்டுவதை நாம் அவமானமாக நினைக்கத் தொடங்கிவிட்டோம். பாலைவன ஏழைகள் அப்படி நினைக்கவில்லை.

1958-இல் வேலை தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் இமயத்து ஆறுகளின் நீரை, அளவறிந்து பங்கிட்டு வாழ்ந்த இந்தப் பாலை மண்ணுக்குக் கொண்டுவந்தது. தாகம் தீர்ந்த ஊர்கள் பல. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அடியில் கெட்டியான தட்டு ஓடும் சில இடங்களில், வயலுக்கு அளவின்றிப் பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழியின்றித் தேங்கி, உப்பை மேலே கொண்டுவந்து, விளைநிலத்தைப் பாழாக்கியது.