பரிகாசமும் முறையீடும்

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, தராவீஹ் தொழுது வீடு திரும்பிய நம்மைத் தேடி ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். ஐவரும் காரிமங்கலத்தில் நம்மிடம் ஓதியவர்கள். இப்போது ஒசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெருநாள் விடுப்பில் ஊர் வந்திருந்த அவர்களிடம் ஒரு துணிப்பை இருந்தது. பையிலிருந்து நான்கு பொம்மைகள் வெளிவந்தன. கொட்டாங்கச்சியில் தலை, பழந்துணியில் உடல், தூண்டில் நரம்பில் கட்டிய கைகால்கள். பெருநாள் மறுநாள் இரவு, குடும்பங்கள் கூடும் திறந்தவெளியில் ஒரு சிறு கூத்து நடத்தப் போவதாகச் சொல்லி, திண்ணையிலேயே அதை ஆடிக் காட்டினார்கள்.

கதை சிறியது. மேலாளர் வருகிறார். "நாமெல்லோரும் ஒரே குடும்பம்" என்று நீண்ட சொற்பொழிவு செய்கிறார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து, தொழிலாளர்கள் கூடுதலாக வேலை செய்த மணிகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அழிக்கிறார். அழித்து முடித்ததும் ஆளுக்கொரு இனிப்புப் பொட்டலம் கொடுத்து விடைபெறுகிறார். அந்த மேலாளர் பொம்மை ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. இடக்காலின் நூலை வேண்டுமென்றே குட்டையாகக் கட்டியிருந்தார்கள். இளைஞர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

"அவர் உண்மையாகவே அப்படித்தான் நடப்பாரா?" என்று கேட்டோம். "ஆமாம் ஹஜ்ரத், சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததாம்" என்றான் ஒருவன். நம் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அவனே சற்றுத் தயங்கிவிட்டு, "இந்தக் கூத்து கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். உருவப் பொம்மைகள் பற்றி அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை அவன் கேட்கவில்லை. தன் முதலாளியைப் பரிகசிக்கலாமா என்பதே அவன் கேள்வி.

கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட நமக்கு வழி இருந்தது. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று காரணமும் கூறுகிறது. அடுத்த வசனம் புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகிறது. சொல்வது உண்மையாகவே இருந்தாலும், ஒருவர் வெறுப்பதை அவர் இல்லாத இடத்தில் சொன்னால் அது புறமே என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த விளக்கம். பிஞ்சு வயதிலேயே பிள்ளைகளுக்கு இவற்றைப் பாடம் சொல்லும் நாம், அவற்றை எடுத்துக் காட்டியிருந்தால் அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆயினும் அந்தச் சொல் நம் நாவில் வரவில்லை. அதே திருமறையின் ஸூரத்துன்னிஸா 148ஆம் வசனம், தீய சொல்லைப் பகிரங்கமாகச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும்போதே, அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளித்திருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்தியபோது, முதலில் வைத்தது அநீதிக்குள்ளானவரின் முறையீட்டையே. குறித்த நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலே நம் நாட்டில் உள்ள விதி. அந்தக் கூலிக்குரிய மணியை ஒருவன் ரப்பரால் அழித்தால் அது அநீதி. அழிக்கப்பட்டவன் வாய் திறக்கக் கூடாது என்று சொல்ல நாம் யார்?

இங்கே ஒரு தடை எழும். முறையீடு என்பது நீதிபதியிடம், அல்லது குறையைத் தீர்க்க வல்லவரிடம் செய்யப்படுவது. பெருநாள் இரவில் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் சொல்வது எப்படி முறையீடாகும்? இதற்கு அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நமக்கு வழிகாட்டியது. அண்டைவீட்டாரின் தொல்லை பற்றி ஒருவர் பெருமானாரிடம் பலமுறை முறையிட்டார். முதலில் பொறுமையைப் போதித்த நாயகம் (ஸல்) அவர்கள், பிறகு அவருடைய வீட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அவரும் வைத்தார். போவோர் வருவோர் காரணம் கேட்டார்கள். அறிந்தபோது அந்த அண்டைவீட்டாரைக் கடிந்தார்கள். கடைசியில் தொல்லை தந்தவரே ஓடிவந்து, இனி அப்படி நடக்காது, வீட்டுக்குத் திரும்புங்கள் என்று வேண்டினார்.

ஆக, தெருவும் சில சமயம் நீதிமன்றமாகிறது. ஆனால் அந்த மனிதர் தெருவில் வைத்தவை யாருடைய சாமான்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தம்முடைய சாமான்களையே வைத்தார். அண்டைவீட்டாரின் அங்கக் குறையையோ குலத்தையோ குடும்ப இரகசியத்தையோ தெருவுக்குக் கொண்டுவரவில்லை. தமக்கு நேர்ந்ததைக் காட்டினார். மற்றதைப் பார்த்தவர்களின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார். பரிகாசத்துக்கும் முறையீட்டுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு இதுதான் என்று நமக்குப் படுகிறது.

பொம்மையின் வாயால் பெரியவர்களை இடித்துரைப்பது புதிதல்ல. நம் தருமபுரி வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் அரசனையே கேலி செய்துவிட்டுத் தலை தப்புகிறான். குமரி மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணக் கதைக்கு நடுவே புகுந்து ஊர் நடப்பைப் பேசிச் சிரிக்க வைக்கிறார்கள். முஸ்லிம் நாடுகளிலும் இந்தக் கலை தழைத்திருந்தது. நிழற்பாவைக் கூத்தை அரபியர் 'கயாலுல் ழில்' என்றனர். மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் வைத்தியராக வாழ்ந்து 1310இல் மறைந்த இப்னு தானியால் அதற்கென எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் இருக்கின்றன. துருக்கியின் கராகோஸ் கூத்து ரமளான் இரவுகளின் கேளிக்கையாகவே வளர்ந்தது. 2009இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

கட்டியக்காரனின் கேலிக்கு அரசன் இலக்கு. நம் இளைஞர்களின் கேலிக்கோ கம்பெனி இலக்கு. இதற்கு நாமறிந்த பெரிய உதாரணம் பிரான்சு நாட்டில் இருக்கிறது. அங்கே லியோன் நகரத்தில், பட்டு நெசவுத் தொழிலிலிருந்து பல் பிடுங்கும் தொழிலுக்கு வந்த லோரான் மூர்கே என்பவர், கூட்டம் சேர்ப்பதற்காகப் பொம்மையாட்டம் காட்டினார். 1808ஆம் ஆண்டளவில் அவர் படைத்த கின்யோல் என்னும் ஏழைப் பொம்மை, வீட்டுக்காரனையும் காவலனையும் மடக்கிப் பேசிப் புகழ் பெற்றது. அந்தப் பெயரையே தாங்கி, 1988 முதல் 2018 வரை முப்பது ஆண்டுகள் கனால் ப்ளூஸ் தொலைக்காட்சியில் ஒரு பொம்மை நிகழ்ச்சி நடந்தது. அதில் 'உலகக் கம்பெனி' என்றொரு கற்பனை நிறுவனம் வரும். அதன் அதிகாரிகள் அனைவருக்கும் ஒரே முகம். எந்த ஊரை மூடினால் எவ்வளவு இலாபம் என்று அந்த ஒரே முகம் பல நாற்காலிகளில் அமர்ந்து பேசும்.

ஒரே முகம் வைத்தது நுட்பமான செயல் என்று எண்ணுகிறோம். குறை ஓர் ஆளிடம் இல்லை, அந்த நாற்காலியிடம் இருக்கிறது என்று அது சொல்லாமல் சொல்லியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதற்கு நெருங்கிய ஓர் உவமையைக் கையாள்கிறார்கள். இரவில் பொம்மையாட்டம் பார்க்கும் சிறுவர்கள், துணிப்பொம்மைகள் தாமாகவே ஆடுவதாக எண்ணி வியக்கிறார்கள். இருளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்களையும் திரைக்குப் பின்னிருக்கும் கையையும் அவர்கள் காண்பதில்லை. எல்லாச் செயல்களுக்கும் பின்னால் இருப்பவன் இறைவன் என்பதை விளக்க இமாம் கூறிய உவமை அது. உலக வழக்குக்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு. பதிவேட்டை அழிக்கும் மேலாளரும் பெரும்பாலும் ஒரு பொம்மையே. அவருக்கு மேலே, செலவைக் குறை என்று சொன்ன கை இருக்கிறது. அதற்காக அவர் தம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ரப்பரைப் பிடித்த விரல் அவருடையதே. ஆனால் அவருடைய காலைப் பார்த்துச் சிரிப்பவன் நூலைப் பார்க்கத் தவறிவிடுகிறான்.

அதே பிரெஞ்சு நிகழ்ச்சி இரண்டு எச்சரிக்கைகளையும் தருகிறது. 2000ஆம் ஆண்டில் அந்தத் தொலைக்காட்சி விவேந்தி நிறுவனத்தின் கைக்குள் வந்தது. அதன் தலைவர் ழான்-மாரி மெஸ்யேவை, "உலகின் எஜமான் நானே" என்று மார்தட்டுபவராகப் பொம்மைக்காரர்கள் கேலி செய்து, அந்தப் பொருள்பட ஒரு சுருக்கப் பெயரும் சூட்டினார்கள். அவரோ கோபிக்கவில்லை. அதே ஆண்டு வெளியிட்ட தம் புத்தகத்துக்கு அந்தக் கேலிப் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டார். கேலி அவருக்கு ஆபரணமாயிற்று. பின்னர் விவேந்தியின் தலைமைக்கு வந்த வன்சான் பொலொரே வேறு வழியில் சென்றார். 2015இல் நிகழ்ச்சியின் எழுத்தாளர்கள் விலக்கப்பட்டார்கள், கட்டணம் செலுத்துவோர் மட்டும் காணும்படி அது ஒதுக்கப்பட்டது, 2018இல் நின்றுபோயிற்று. அதிகாரம் பரிகாசத்தை விழுங்கிச் செரிக்கவும் செய்யும், கழுத்தை நெரிக்கவும் செய்யும். இரண்டிலும் தொழிலாளியின் பதிவேட்டில் அழிந்த மணி திரும்ப எழுதப்படுவதில்லை.

இதை எழுதும்போது நம்முடைய பழைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊர் மத்ரஸாவில் நாம் பாடம் நடத்தியபோது, ஒரு சிறுவன் மற்றவர்கள் நடுவே நம்மைப் போல் நடித்துக் காட்டியதை வாசலில் நின்று கண்டோம். நமக்கு மூக்கால் பேசும் பழக்கம் உண்டு. அதை அவன் தொடவில்லை. நாம் இருவருக்கு ஸலாம் சொல்லும் விதத்தை மட்டும் காட்டினான். கடைக்காரரின் மகனுக்கு எழுந்து நின்று, முகம் மலர்ந்து ஒரு ஸலாம். தகப்பனில்லாப் பிள்ளைக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் ஒரு ஸலாம். பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் பிரம்பை எடுத்தோம். ஆசிரியரைப் பரிகசிப்பது பாவம் என்று சொல்லியே அடித்தோம். அவன் தன் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தான் என்பதும், அந்தத் தகப்பனில்லாப் பிள்ளை அவனே என்பதும் நமக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நேர்மையற்ற அரசனிடம் நீதிச் சொல்லைக் கூறுவது சிறந்த ஜிஹாது என்ற நபிமொழியை அதே வகுப்பில்தான் நாம் மனனம் செய்வித்துக்கொண்டிருந்தோம். அந்த நபிமொழியில் வரும் அரசன் நாமாகவும் இருக்கக்கூடும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே ஐவரிடமும் கூடும் என்றோம். மூன்று நிபந்தனைகளும் சொன்னோம். மேலாளரின் காலை விட்டுவிடுங்கள். அது அல்லாஹ் அவருக்குத் தந்த சோதனை, உங்களுக்கு அவர் செய்த தீங்கு அல்ல. நடந்ததற்கு மேல் ஒரு மணி நேரமும் கூட்டிச் சொல்லாதீர்கள். அவரே வந்து முன்வரிசையில் அமர்ந்தாலும் மாற்றாமல் ஆடக்கூடிய கூத்தாக அது இருக்கட்டும். அவர்கள் சிறிது முணுமுணுத்தார்கள். கால் இல்லாவிட்டால் சிரிப்பு வராது என்றான் ஒருவன். பிறகு திண்ணையிலேயே உட்கார்ந்து இடக்கால் நூலை அவிழ்த்து நீளமாகக் கட்டினார்கள்.

கூத்து நடந்தது. சிரிப்பு குறையவில்லை. ரப்பர் ஒவ்வொரு முறை பதிவேட்டில் தேய்ந்தபோதும் சிறுவர்கள் உரத்துக் கணக்கு எண்ணினார்கள். எண்ணிக்கை ஏற ஏற, பெரியவர்களின் சிரிப்பு அடங்கி முகங்கள் மாறின. முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி, தம் பேரனான அந்தப் பொம்மைக்காரனைப் பார்த்து, "எல்லோரும் சிரிச்சாச்சு, வாப்பா. உன் காசு வந்துச்சா?" என்று கேட்டார். நாம் கிதாபுகளைப் புரட்டி எழுதிய இவ்வளவையும் அந்த அம்மையார் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். சிரித்ததோடு மனம் ஆறிப்போகுமானால், அந்தக் கூத்தும் மேலாளர் கொடுத்த இனிப்புப் பொட்டலத்தைப் போன்றதே.

மறுநாள் காலை இளைஞர்கள் மீண்டும் வந்தார்கள். தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுத வேண்டும், நல்ல தமிழில் வேண்டும் என்றார்கள். நாம் எழுதிக் கொடுத்தோம். தேதிகளையும் மணிக்கணக்கையும் அவர்கள் சொன்னார்கள். ஏசும் சொல் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. ஐவரில் மூவர் கையெழுத்திட்டார்கள். மற்ற இருவருக்கும் வீட்டில் கடன் இருக்கிறது; வேலை போனால் தாங்காது. அவர்களை நாம் வற்புறுத்தவில்லை. கோழைகள் என்று எண்ணவும் இல்லை.

மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பொம்மலாட்டத்துக்குத் திரை வேண்டும். அந்த முறையீட்டுக்கு வேண்டியதில்லை. பதிவேட்டில் ரப்பர் வைப்பவர்களும், வகுப்பில் பிரம்பு வைத்திருக்கும் நம் போன்றவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.