துளை பொருந்தினால் பிடி தளரும்
பவுலிங் பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, ஏறத்தாழ 7.26 கிலோ. நழுவிவிடுமோ என்று புதியவர் இறுக்கிப் பிடிக்கிறார். குற்றம் பெரும்பாலும் கட்டைவிரல் துளையில்தான். அது அகலமாக இருந்தால் விரல் தானாகவே மடங்கிப் பந்தைக் கவ்வும். முன்கை விறைத்து, ஊசல்போல் ஆட வேண்டிய கை தடைபடும். கட்டைவிரல் முதலில் வெளிவர, நடுவிரலும் மோதிரவிரலும் பந்தைச் சுழற்றிவிட வேண்டும். துளைகளுக்கு இடையிலான தூரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த வரிசை கெடும். போதாக்குறைக்கு, ஆட்டத்தின் நடுவே கட்டைவிரல் வீங்கும், சுருங்கும். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் துளைக்குள் மெல்லிய டேப்பை ஒட்டியும் உரித்தும் அளவைச் சரிசெய்துகொள்கிறார்கள். அரங்குகளில் பொதுவாக அடுக்கிவைத்திருக்கும் பந்துகள் எவர் கைக்கும் அளவெடுத்துத் துளையிட்டவை அல்ல.