கற்பக மரங்கள் மறைந்தபோது

உலகியல் ஒழுங்கு குலைந்தபின் மாந்தர் எவ்வாறு பிழைப்பர் என்னும் கற்பனையில் எழுந்த புதினங்கள் மேலைநாடுகளில் பலவாகும். அவற்றுட் சிலவற்றில் கதைத்தலைவன் தானியத்தையும் துப்பாக்கியையும் நிலவறையில் சேர்த்து வைப்பான். ஊரார் மடிவர், அவன் பிழைப்பான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எம் இல்லத்து இளைஞன் ஒருவன் அத்தகைய நூலொன்றைப் படித்துவிட்டு, "நாமும் ஓராண்டுக்கு அரிசி சேர்த்து வைத்தால் என்ன?" என வினவினான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின் தொடக்கத்தில் தேவைக்கு மேல் இரண்டு மூட்டை அரிசி வாங்கியவன் யான். ஆதலின் உடனே விடை கூற நா எழவில்லை.

குடும்பத்தைக் காத்தல் இல்லறத்தான் கடமையே. ஆயின் அக்கதைகள் காட்டும் பொருளியல் மெய்யானதா?

தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வழங்கிய 1876-78 பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கொடிதாக வாடிற்று. 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாயிருந்த மக்கள்தொகை, 1881-இல் 16 இலட்சமாகக் குறைந்தது. மழை பொய்த்தது உண்மை. எனினும் இருப்புப்பாதை வழியே மாகாணத்துக்குத் தானியம் வந்தது. உழவு நின்றமையால் கூலியாளுக்கு வேலையில்லை; நெசவாளியின் துணியை வாங்குவாரில்லை; விலையோ பன்மடங்கு ஏறிற்று. கடையில் தானியம் இருந்தும் கையில் காசின்றி மக்கள் மடிந்தனர். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையையே நிறுவினார். முதலில் சரிவது களஞ்சியமன்று. ஒருவர் உழைப்பை மற்றவர் கொள்ளும் உறவே.

நம் ஆதிபுராணம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. போகபூமியின் இறுதியில் கற்பக மரங்கள் அருகின. மாந்தரிடையே பூசல் எழுந்தது. சீமங்கரர், சீமந்தரர் என்னும் மனுக்கள் மரங்களுக்கு எல்லை வகுத்தனர். எல்லை பூசலைத் தணித்ததேயன்றி மரங்களைக் காக்கவில்லை. பின்னர் அஞ்சி வந்த மக்களுக்கு விருஷப தேவர், எஞ்சிய கனிகளைப் பதுக்குமாறு கூறவில்லை. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலைக் கற்பித்தருளினார். ஒவ்வொருவரும் பிறர்க்குப் பயன்படும் வாழ்வு அன்று தொடங்கிற்று. நிலவறைத் தலைவனுக்கோ உப்புத் தீர்ந்தால் தருவாரில்லை, நோயுற்றால் மருத்துவரில்லை.

அங்ஙனமாயின் சேமிப்பே தீதோ? அன்று. அறுவடை மிகுந்த காலத்தில் வாங்கி வைப்பது உழவனுக்கும் உதவும். நம் முன்னோர் குதிரில் தானியம் காத்ததும் முறையே. தட்டுப்பாட்டு நாளில் வாங்கும் மிகை மூட்டையோ, அன்றாடம் படியளவு வாங்குவோனின் பங்கைக் கவர்கிறது. செயல் ஒன்றே, காலமும் அளவும் அதனை அறமாகவோ மறமாகவோ ஆக்குகின்றன. அச்சம் வந்தபின் அளவு நிற்பதில்லை. ஆதலின்றோ மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில், மனம் அமைதியாயுள்ள போதே எல்லை வரையறுத்துக் கொள்ளுமாறு ஆன்றோர் பணித்தனர்.

யான் வாங்கிய இரண்டாம் மூட்டையில் வண்டு விழுந்தது. உணவும் வீணாயிற்று, சிற்றுயிர்களுக்கும் ஊறு நேர்ந்தது. இளைஞனுக்கு இதனையே விடையாகக் கூறினேன். நம் இல்லங்களின் அளவு யாது என்பதை அச்சம் வருமுன் வரையறுப்போமாக!