அரிசி டிரம்மில் இருந்த முருகன்

பங்குனியில் இங்கே ஐந்து மணிக்கே கிழக்கு வெளுத்துவிடும். மெயின்லேண்டின் கடிகாரத்தைத்தான் நாங்களும் கட்டியிருக்கிறோம். சூரியன் மட்டும் எங்களிடம் முன்னதாக வந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறது. உத்திரத்தன்று அந்த ஐந்து மணிக்கும் முன்பே வெற்றிமலை முருகன் கோயில் பக்கமிருந்து பாட்டு வந்தது. கடற்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஓர் அடி காதில் விழும், அடுத்த அடியைக் காற்று கொண்டுபோய்விடும், மூன்றாவது அடி திரும்பி வரும். காற்று கொண்டுபோன அடியை நான் மனதுக்குள் பாடிக்கொண்டேன். டி.எம்.எஸ். குரல்.

ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.

*

அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல், கப்பலில் மூன்று நாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவார். திரும்பி வரும் தகரப்பெட்டியில் புளி, வற்றல், சீயக்காய், அம்மாவுக்கு ஒரு சுங்குடிப் புடவை, கூடவே நாலைந்து கேசட். இரண்டு சினிமா, மிச்சமெல்லாம் சாமி பாட்டு.

இந்தத் தீவின் ஈரம் எதையும் விடாது. கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். பிறகு பாடுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். அதனால் அப்பா கேசட்டுகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். சாயந்திரம் அம்மா உலைக்கு அரிசி எடுக்கும்போது கேசட்டும் வெளியே வரும். ஒட்டியிருக்கும் தவிட்டை ஊதிவிட்டு, பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, தளர்ந்த நாடாவை இறுக்கிவிட்டுத்தான் டேப் ரெக்கார்டரில் போடுவார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை தவிடு மிச்சமிருக்கும். அதோடுதான் கும்பிடுவார்.

எங்கள் வீட்டில் பூஜையறை என்று தனியாக இருந்ததில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில் அந்த டிரம்தான் கருவறையாக இருந்திருக்கிறது.

*

இரண்டு வகைக் கேசட்டிலும் ஒரே குரல். ஒன்றில் அது சிவாஜிக்காக மனம் உடைந்து அழும். இன்னொன்றில் முருகனிடம் அழும். சிறுவயதில் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. ஒரே ஆள்தான், ராத்திரி அவருக்கு ஒரு துக்கம் வந்தது, காலையில் முருகனிடம் போய்ச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைக் கணக்கைத் திருத்த வேண்டுமென்று தோன்றவில்லை.

‘உள்ளம் உருகுதையா’வை எழுதியவர், ஆண்டவன் பிச்சை என்று அறியப்பட்ட மரகதம் அம்மையார். பழனியில் ஒரு சிறுவன் வேலை செய்துகொண்டே அதைப் பாடக் கேட்டு டி.எம்.எஸ். எழுதி வாங்கிக்கொண்டாராம், யார் எழுதியது என்று தெரியாமலே வெகுகாலம் பாடிவந்தாராம். அப்படித்தான் சொல்வார்கள். எழுதியவருக்கும் பாடியவருக்கும் நடுவில் பெயர் தெரியாத ஒரு சிறுவன் நிற்கிறான். எனக்கு அந்தச் சிறுவன் மேல்தான் அதிகப் பிரியம். அவன் முணுமுணுத்திராவிட்டால் எங்கள் அரிசி டிரம்முக்கு அந்தப் பாட்டு வந்திருக்காது.

எல்.ஆர். ஈஸ்வரியம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்து மேரியாகப் பிறந்தவர். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுக்கென்றே கூப்பிடப்பட்ட குரல். ஆடி மாதம் தமிழர் இருக்கிற ஊரிலெல்லாம் மாரியம்மனை எழுப்புவதும் அதே குரல்தான். அம்மன் அந்தக் குரலிடம் போன மாதம் எங்கே பாடினாய், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றாய் என்று கேட்டதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் கேட்டதில்லை.

வெகுசனப் பாட்டு பக்தியை மலிவாக்கிவிட்டது என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஓதுவார் இல்லை, நாயனக்காரர் இல்லை, கதை சொல்லப் பாகவதர் வந்ததில்லை. கேசட் வந்தது. எங்களை நம்பிக் கடல் தாண்டி வந்ததை மலிவு என்று சொல்ல எனக்கு நா எழாது.

*

ஹட்டோ துறைமுகத்தில் ஒரு பகல். கார் நிக்கோபார் கப்பலுக்காக நிக்கோபாரிப் பையன்கள் ஆறேழு பேர் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனிடம் கிட்டார். மேல்தந்தி ஒன்று அறுந்து, சுருண்டு நின்றது. ஐந்து தந்தியிலேயே வாசித்தான். முதலில் ஓர் இந்தி சினிமாப் பாட்டு, எல்லாருக்கும் தெரிந்தது. அது முடியும் இடத்தில் கையை எடுக்காமல், தாளத்தை மட்டும் கொஞ்சம் தணித்து, ஞானப்பாட்டுக்குள் போய்விட்டான். மற்றவர்கள் உடனே குரல்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவன் கீழே போனான், இரண்டு பேர் மேலே நின்றார்கள். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை.

என் பக்கத்தில் பார்சல் அனுப்ப வந்த நாசரேத்துக்கார அம்மா ஒருவர். அவர் உதடு அசைந்தது. அவர்களோடு சேர்ந்து, ஆனால் தமிழில், மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, “எங்க பாமாலையில உள்ள ராகம்தான் தம்பி இது. சின்னதுல அம்மா மடியில கேட்டது” என்றார். பையன்கள் அதற்குள் அடுத்த சினிமாப் பாட்டில் இருந்தார்கள்.

கார் நிக்கோபாரில் மூஸ் என்றொரு கிராமம். 1890களின் பின்பாதியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் அங்கே போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் படித்த நிக்கோபாரிப் பையன்களில் ஒருவர் பர்மாவுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார், ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். புதிய ஏற்பாட்டைத் தம் மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தார். 1952இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் பிஷப்பும் ஆனார். புத்தகத்தில் இதைப் படித்தபோது வரலாறாக இருந்தது. அந்த அம்மாவும் அந்தப் பையன்களும் இரண்டு மொழியில் ஒரே இடத்தில் மூச்சு வாங்கியதைக் கேட்ட பிறகு, சாலமோன் உபதேசியார் என் தெருவில் இருந்தவர்போல ஆகிவிட்டார்.

*

காவடி ஏறும் சாலை ஏற்றமான சாலை. இந்த ஊரில் சமதரை அரிது.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் காவடிச்சிந்து பாடியது ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்த நடைக்காக. கால் வைப்பதற்கும் தோள் மாற்றுவதற்கும் ஏற்ற சந்தம். இன்றைக்கு அதை இலக்கியம் என்கிறோம். அன்றைக்கு அது வழிநடைப் பாட்டு, எல்லார் வாயிலும் புகுந்த மெட்டு.

இங்கே காவடிக்கு முன்னால் மேளக்காரர்கள் சினிமா மெட்டும் வாசிக்கிறார்கள். ஒரு காலத்தில் அது என்னை மிகவும் வருத்தியது. கதாநாயகியின் இடுப்பைப் பற்றிய பாட்டு முருகன் சொற்களை உடுத்திக்கொண்டு வருவதைக் கேட்டு, ஊர்வலத்திலிருந்து விலகி வீட்டுக்குப் போன வருடமும் உண்டு. பிறகு ஒரு வருடம் அலகு குத்திய ஒருவர் பக்கத்தில் நடக்க நேர்ந்தது. கன்னத்தில் வேல், கண் எங்கோ இருந்தது. ஏற்றத்தின் நடுவில் அவர் கால் தளர்ந்தது. மேளக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, வேகமான ஒரு மெட்டுக்கு மாறினார். என்ன படம் என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம். அந்தக் கால் மறுபடி தரையில் உறுதியாக ஊன்றியதைப் பார்த்தேன். சாலையோரம் ஒரு வங்காளி அம்மா வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காவடிக்காரர் பாதங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முருகன் பெயரும் தெரியும், அந்த மெட்டின் இந்தி வடிவமும் தெரியும், தாளத்துக்குத் தலையசைத்துக்கொண்டேதான் ஊற்றினார். அன்றிலிருந்து நான் விலகிப் போவதில்லை.

ஒலிபெருக்கியின் உச்ச சத்தத்தை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கும் தெருவில், சாமி அவ்வளவு உரக்கக் கேட்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

*

2004 டிசம்பர் 26. ஞாயிறு, மார்கழி. எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூசாரி வழக்கம்போல விடியற்காலையிலேயே கேசட் போட்டுவிட்டார். ஆறரை மணி வாக்கில் தரை அசைந்தது. எல்லாரும் வெளியே ஓடினோம். நிற்க முடியாமல் ரோட்டில் உட்கார்ந்தோம். கரண்ட் ஒரேயடியாகப் போகவில்லை, சரிந்து சரிந்து போனது. அதோடு பாட்டும் சரிந்தது. பெண் குரல் ஆண் குரலாகி, ஆண் குரல் உறுமலாகி, ஒரு சொல்லின் நடுவில் நின்றது. அப்படியொரு நிசப்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. கடல் வந்தது அதற்குப் பிறகு.

அடுத்த நாட்களில் நிக்கோபார் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். கச்சால் தீவிலிருந்தும் வந்தார்கள். 1964ஆம் வருட இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அரசு கச்சாலின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தியிருந்தது. ஒருமுறை கண்டி மலையை விட்டு வந்தவர்கள், இப்போது மறுபடியும் கையில் ஒன்றுமில்லாமல். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். அதில் நடுவயது அம்மா ஒருவர் பகல் முழுக்கப் பிள்ளையார் கோயில் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார்.

சில நாள் கழித்து ஒரு மதியம் கரண்ட் வந்தது. தரை அசைந்த காலையில் அழுத்திய பொத்தானை யாரும் எடுத்துவிட்டிருக்கவில்லை. நின்ற சொல்லின் நடுவிலிருந்து, உறுமலில் தொடங்கி, மேலேறி, பெண் குரலாகி, பாட்டு தொடர்ந்தது.

தெருவே வெளியே வந்துவிட்டது. ஊரே துக்கத்தில் இருக்கும்போது பாட்டா என்று பூசாரி பதறிப்போய் ஓடினார். திண்ணையிலிருந்த அம்மா கையை நீட்டி மறித்தார். “நிப்பாட்டாதீங்க சாமி. அது பாட்டுக்கு ஓடட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பேச்சு அது. பூசாரி நின்றார். நாங்களும் நின்றோம். மிச்சமிருந்த பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. யாரும் கும்பிடவில்லை, யாரும் அழவில்லை, கேட்டோம். அந்தப் பக்கம் தீர்ந்து, ‘டக்’கென்று பொத்தான் எழும்பியது. அம்மா எழுந்து முகாமுக்குப் போனார்.

தியானம் என்று புத்தகங்கள் சொல்வது எது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்தது அந்த இருபது நிமிடம்தான்.

*

இந்த வருட உத்திரம். கோயில் மண்டபத்தில் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேவராய சுவாமிகள் எழுதியது. ஆனால் நாம் எல்லாரும் சொல்வது சூலமங்கலம் சகோதரிகள் இசைத்தட்டில் பாடியபடி. அவர்கள் வேகம்தான் நம் வேகம். அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில்தான் மண்டபம் மொத்தமும் மூச்சு வாங்குகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பெண்கள் எடுத்த மூச்சு, இத்தனை வருடமாக இத்தனை நெஞ்சுக்குள் போய்வருகிறது.

எனக்கு முன்னால் பதினாலு பதினைந்து வயதுப் பெண். மடியில் ஒரு நோட்டு. எட்டிப் பார்த்தேன், நாகரி எழுத்து. பள்ளியில் இந்தி, வீட்டில் பாதித் தமிழ், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழி என்று சொன்னார்கள். அதில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்படி நோட்டு வைத்திருக்கிறார்களோ. கவசம் முழுவதையும் காதால் கேட்டு, நீல மையில், தெரிந்த எழுத்தில் இறக்கி வைத்திருந்தாள். ஈரத்தில் மை பக்கத்துப் பக்கத்திலும் படிந்திருந்தது. ற எல்லாம் ர ஆகியிருந்தது. ழ இருந்த இடத்திலெல்லாம் ல. பழனி, ‘பலனி’ என்றிருந்தது.

எனக்கு நெஞ்சு கனத்தது. வாசித்தால் இப்படித்தானே வாசிப்பாள், இன்னும் ஒரு தலைமுறையில் அந்த எழுத்து இந்தத் தீவை விட்டே போய்விடுமோ என்று நினைத்தேன். பழனி வரும் அடிக்காகக் காத்திருந்தேன். மண்டபம் அந்த அடியை நெருங்கியது. அவள் விரல் ‘பலனி’யின் மேல் வந்து நின்றது.

அவள் வாயில் ழ வந்தது. நாக்கு முழுதாக மடிந்து, சகோதரிகள் பாடிய அதே ழ.