பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை யார் சொல்லுவது?



பிள்ளைக்காகச் சர்வேசுரனை மன்றாடி, ஒரு குழந்தையைச் சட்டப்படி சுவீகாரம் எடுத்து, பின்பு ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குக் குடிவந்த பெற்றோருக்கு ஒரு நினைப்பு வரும். "இங்கே நம்மை அறிந்தவர் ஒருவருமில்லை, பிள்ளைக்குத் தெரியாமலே காலம் கழிந்துவிடும்" என்பதே அது. அந்த நினைப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் அரசாங்கம் சேலம் ஜில்லாவில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி ஜில்லாக்களுக்கும் அது விரிந்தது. முதலில் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. அப்படிச் சுவீகாரமாய் வளர்ந்த பெண் பிரசவத்துக்குப் போனால், "தாய்வழியில் சர்க்கரை வியாதி உண்டா?" என்று டாக்டர் கேட்பார். அவள் என்ன பதில் சொல்லுவாள்?

கோவிலிலும் இந்தச் சங்கதி வெளிப்படக் கூடும். கலியாண ஓலை வாசிக்குமுன் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்கிறோம் அல்லவா? சுவீகாரத்தை ஞானஸ்நானப் புத்தகத்தில் குறிக்க வேண்டும் என்று 1983-ம் வருஷத் திருச்சபைச் சட்டம் 535-ம் இலக்கத்தில் சொல்லுகிறது. (நாட்டுச் சட்டப்படி சுவீகாரம் எடுக்கப்பட்ட பிள்ளை, எடுத்தவர்களுடைய பிள்ளையே என்கிறது 110-ம் இலக்கம். இதில் பாட்டிமாருக்கு வேறு அபிப்பிராயம் இருக்க இடமில்லை.)

நம் முன்னோர் வாய்மூடி இருந்ததற்குக் காரணமும் உண்டு. 1956-ம் வருஷத்து இந்து சுவீகாரச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. ஆகையால் நம்மவர் பெரும்பாலும் 1890-ம் வருஷச் சட்டப்படி கார்டியனாக மட்டுமே இருக்க முடிந்தது. வளர்த்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் மகனல்ல என்பதைச் சொல்ல யாருக்கு நா எழும்? 2000-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ம் வருஷத் திருத்தமும் மதபேதமின்றி அந்த வழியைத் திறந்துவிட்டன.

இருந்தும் பயம் போகவில்லை. "சொன்னால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமே!" என்கிறீர்கள். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது, தேவமாதா சூசையப்பரைத் தகப்பன் என்றே சொல்லுகிறாள். பாலகனோ தம்முடைய பிதாவைப் பற்றிப் பேசுகிறார். தாம் யாரென்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சூசையப்பருடைய வீட்டுக்கே திரும்பி, அவருக்குக் கீழ்ப்படிந்திருந்தார். அந்த வீட்டில் அது மறைபொருளாய் இருந்ததில்லை. அதனால் சூசையப்பரின் தகப்பன்மை ஒரு துளியும் குறையவுமில்லை.

ஆகவே பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிலேயே கதையாய்ச் சொல்லத் தொடங்குங்கள். "உன்னை வேறொரு அம்மா பெற்றாள், நாங்கள் தேடிப் போய்க் கூட்டிவந்தோம்" என்பது அந்த வயதுக்குப் போதும். வளர வளரக் கேள்வியும் வளரும், பதிலும் வளரட்டும். அப்பா நைட் ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில் சொல்லுகிற பேச்சல்ல இது. இருவரும் வீட்டிலிருக்கும் நாளில், சாப்பாடு முடிந்து உட்கார்ந்து சொல்லுங்கள். ஏன் விட்டுவிட்டாள் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். உயிரோடிருப்பவளை இறந்துபோனாள் என்று சொல்லுவது பொய்ச்சாட்சி. அவளைக் கெட்டவள் என்பதும் ஆகாது. கொல்லாமல் தொட்டிலில் கிடத்தின கைகள் அவளுடையவை.

உறவினருக்கும் ஒரு வார்த்தை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். பெற்ற பிள்ளை அழுதுவிட்டு மறந்துவிடும். சுவீகாரப் பிள்ளைக்கு அது விளையாட்டல்ல. அதை நிறுத்திவிடுங்கள். அக்கம்பக்கத்தாரும் துருவிக் கேட்க வேண்டாம். அந்தக் கதை பிள்ளைக்குச் சொந்தமானது.

2022-ம் வருஷத்துச் சுவீகார விதிகளின்படி, பதினெட்டு வயதானவர்கள் தங்கள் பூர்வீகத்தைத் தாங்களே விசாரிக்க மனுச் செய்யலாம். அதற்குட்பட்டவர்கள் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து கேட்கலாம். பெற்றவள் சம்மதியாவிட்டால் அவளைப் பற்றிய விவரம் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். உங்கள் மகள் ஒரு நாள் போக வேண்டும் என்றால், அவளைத் தனியே அனுப்பாமல், லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள்.